டெஸ்டர் மாட்டிய ஹீட்டர்

அவருடைய சொந்தப் பேர் என்ன என்று கேட்டால் அந்தத் தெருவில் பாதிப் பேர் முழிப்பார்கள். டெஸ்டர் என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் கை காட்டும். பேனா இருக்க வேண்டிய சட்டைப்பையில் கரண்ட் பார்க்கிற டெஸ்டரைச் செருகிக்கொண்டு இருபத்தாறு வருஷமாக அலைகிற மனுஷர். பேர் அதனால் மட்டும் வரவில்லை. யாரையும், எதையும், சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். "மெயின் ஆஃப் பண்ணியாச்சு சார்" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் சரி, "ஆகட்டும், ஆகட்டும்" என்று சொல்லிக்கொண்டே டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். அதில் தப்பும் சொல்ல முடியாது. அப்படி நம்பிக் கை வைத்தவர்கள் இரண்டு பேரை அவருக்குத் தெரியும். இரண்டு பேருமே இப்போது இல்லை.

அவருக்குத் தொழில் ஹீட்டர் ரிப்பேர். குளியலறைச் சுவரில் தொங்கிக்கொண்டு தண்ணீர் காய வைக்கிறதே, அது. ஹீட்டர் கெட்டுப்போக நூறு காரணம் உண்டு. ஆனால் வீட்டுக்காரர்கள் சொல்வது ஒரே காரணம்தான். "நாங்க ஒண்ணுமே பண்ணலீங்க, அதுவா நின்னு போச்சு." அதுவாக நிற்பதற்கு அது என்ன கோபித்துக்கொண்ட மாமியாரா? ஒரு வீட்டில் தண்ணீர் சுடவே மாட்டேன் என்கிறது என்று அந்தம்மா கூப்பிட்டார். டெஸ்டர் போய்த் திறந்துகூடப் பார்க்கவில்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு கடைசிவரை குறைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்தம்மாவின் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஹீட்டர்ல கோளாறு ஒண்ணும் இல்லம்மா. சாரைத்தான் ஒரு தடவை சர்வீஸ் பண்ணணும்" என்றார் டெஸ்டர்.

அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு கோளாறுக்கு ஒரு வீட்டில் இரண்டு பேர் இரண்டு காரணம் சொன்னால் இரண்டுமே பொய். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் மறைக்கிறார்கள். இந்தச் சட்டம் தொழிலில் அவரை ஏமாற்றியதே இல்லை.

சரி, தொழிலோடு நிறுத்திக்கொண்டாரா? அதுதான் இல்லை. காய்க்காரன் முதலில் எடுத்துக் கொடுக்கிற காயை வாங்க மாட்டார், பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் ஏன் சிரித்தார் என்று ராத்திரி வரை யோசிப்பார். "கல்யாணத்தன்னைக்கு எனக்கே டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் கையப் புடிச்சாரு" என்று அவருடைய மனைவி வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். டெஸ்டருக்கு அதுவும் தன்னைப் புகழ்வதாகத்தான் படும்.

ஒரே மகள். கல்யாணமாகி ஒன்றேகால் வருஷம். மருமகன் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன். கேட்டால் பதில் சொல்வான், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. டெஸ்டருக்கு அவன் பிடிபடவே இல்லை. "பேசாத ஆளும் சத்தமில்லாத ஹீட்டரும் ஒண்ணுடி. உள்ள என்ன கொதிக்குதுன்னு வெளிய தெரியாது" என்று மனைவியிடம் சொல்வார். "அந்தப் புள்ள பாவங்க, நீங்க பேச விட்டாத்தானே பேசும்" என்பார் மனைவி. குடித்தனம் வைத்த மூன்றாம் மாடி வீட்டில் ஹீட்டரை அவரே வாங்கி, அவரே சுவரில் துளை போட்டு, அவரே மாட்டிக் கொடுத்தார். மகளுக்குச் செய்கிற காரியத்தில் வேறொருத்தன் கை படலாமா?

மகள் ஞாயிறு தவறாமல் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்த மாதம் ஒரு ஞாயிறு வரவில்லை. வேலை என்றாள். அடுத்த ஞாயிறும் வேலை. மூன்றாவது ஞாயிறு "தலைவலிப்பா" என்றாள். அம்மாவிடம் அதே ஞாயிற்றுக்கு "வீட்டுக்கு ஆள் வர்றாங்கம்மா" என்று சொல்லியிருந்தாள். அம்மாவும் அப்பாவும் சாப்பிட உட்காரும்போது இரண்டு காரணமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. டெஸ்டர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"என்னங்க, பாதியில எந்திரிச்சிட்டீங்க?"

"ரெண்டு காரணம் சொல்றாடி உன் பொண்ணு."

"பொண்ணு வீட்டுக்கு ஆயிரம் வேலை இருக்கும். உங்க தலையில எறும்பு ஊர ஆரம்பிச்சிருச்சா?"

ஊர ஆரம்பித்துத்தான் விட்டது. மறுநாள் காலை சாமான் வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் வாஷரை எண்ணிப் போட்டுக்கொண்டே கேட்டார். "என்ன டெஸ்டர், தொழிலை விட்டாச்சா? உங்க மக வீட்டுக்கே நெட்டை போய்ப் புது ஹீட்டர் மாட்டிட்டு வந்தானாமே?"

நெட்டை என்பவன் அதே ஊரில் ஹீட்டர் பார்க்கிற இன்னொருத்தன். ஆறடிக்கு மேல் உயரம், ஏணி இல்லாமலே பாதி வேலையை முடித்துவிடுவான். டெஸ்டருடைய கணக்கில் அவன் ஒரு அரைகுறை. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவன். அவன் தன் மகள் வீட்டுக் குளியலறையில் நின்றானா? ஒன்றேகால் வருஷமான ஹீட்டரை எதற்கு மாற்ற வேண்டும்? மாற்றினாலும் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்? டெஸ்டர் வாங்கிய வாஷரைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மூன்று மாடியும் ஏறிக் கதவைத் தட்டினால் திறந்தது மருமகன். வேலை நாள், பகல் பதினோரு மணி, மருந்துக்கடையில் நிற்க வேண்டியவன் லுங்கியோடு நிற்கிறான். கையில் கரண்டி.

"வாங்க மாமா" என்றான். சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தான். அந்தத் திரும்பல் டெஸ்டருக்குப் பிடிக்கவில்லை.

மகள் அடுத்த அறையிலிருந்து வந்தாள். வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில் மணிக்கட்டு வரை மூடிய சட்டை போட்டிருந்தாள். முகம் வாடியிருந்தது. தண்ணீர் கொண்டுவந்து இடது கையால் நீட்டினாள். அவர் இடதுகைக்காரர், மகள் அப்படியில்லை. டெஸ்டர் தண்ணீரை வாங்கவில்லை.

"அந்தக் கையக் காட்டு."

"ஒண்ணுமில்லப்பா."

"காட்டுன்னா காட்டு!"

அவர் சட்டைக் கையை மேலே தள்ளினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளைத் துணிக் கட்டு. விளிம்பில் தெரிந்த தோல் சிவந்து உரிந்திருந்தது. பெற்ற வயிறு மட்டும்தானா எரியும்? அவருக்கும் எரிந்தது.

"என்னம்மா இது?"

"பால் கொட்டிருச்சுப்பா" என்றாள் மகள்.

"சுடுதண்ணி பட்டிருச்சு மாமா" என்றான் மருமகன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. மகள் புருஷனை முறைத்தாள். அவன் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டெஸ்டர் நேராகக் குளியலறைக்குப் போனார். சுவரில் புது ஹீட்டர் தொங்கியது. பழையதுக்கு அவர் போட்ட துளைகள் பக்கத்தில் சிமென்ட் வைத்து அடைக்கப்பட்டிருந்தன. குழாயைத் திறந்தார். தண்ணீர் இதமாக வந்தது. இந்தத் தண்ணீரா தோலை உரிக்கும்? ஹீட்டர் என்பது ஒரு அளவுக்குமேல் காயாது. சூடு போதும் என்று தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும். அது கெட்டுப்போனாலும் அதற்கு மேல் ஒரு கட்-அவுட் உண்டு, பட்டன் அளவுச் சாமான், கொதிக்கப் போகிறது என்றால் கரண்டையே துண்டித்துவிடும். அவர் மாட்டிய ஹீட்டரில் இரண்டும் புதுசு. அப்படியென்றால் சுடுதண்ணீர் என்பது பொய். பால் என்பதும் பொய். மூன்றாவது என்ன? இந்த வாய் பேசாதவன் கையில் எடுத்து ஊற்றினானா? ஊற்றிவிட்டு, அதை ஹீட்டர் மேல் போட்டுவிட்டு, அப்பன்காரன் வந்து பார்த்தால் குட்டு உடைந்துவிடும் என்று ஹீட்டரையே கழற்றி ஒளித்துவிட்டானா? கழற்றி மாட்ட ஊரில் ஒருத்தன் இருக்கவே இருக்கிறான், நெட்டை.

"நான் மாட்டுன ஹீட்டர் எங்க?"

மருமகன் மகளைப் பார்த்தான். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கேன்னு கேட்டேன்!"

"மாமா, நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல."

"நான் என்ன நெனைக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? மடியில கனம் இருக்கா?" அவருடைய குரல் மாடிப்படி வரை கேட்டிருக்கும். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. "பொண்ணு கையப் புடிச்சுக் குடுத்தேன்டா உங்கிட்ட. அதை வேக வெச்சா குடுக்கறே?"

"அப்பா!" மகள் குறுக்கே வந்து நின்றாள். "அவரை ஒரு வார்த்தை பேசாத. எனக்குச் சமைச்சுப் போட்டு, கட்டு மாத்தி, லீவு போட்டுட்டு உக்காந்திருக்காரு."

"பயமுறுத்தி வெச்சிருக்கான், அதான் இப்படிப் பேசறே. சாயங்காலம் அம்மாவோட வர்றேன். துணிமணி எடுத்து வை. வீட்டுக்குப் போறோம். அதுக்கப்புறம் போலீஸ் ஸ்டேஷன்."

"நான் வரமாட்டேன்."

"வருவே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கீழே வந்து மனைவிக்குப் போன் செய்து, அஞ்சு மணிக்கு மகள் வீட்டுக்கு வரச் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்கு, "உன் பாவப்பட்ட மருமகனைப் பாக்கத்தான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஸ்டேஷனுக்கு வெறும் வாயோடு போனால் எடுபடாது. அந்த ஹீட்டர் வேண்டும். அதைத் திறந்து, பாருங்கள் தெர்மோஸ்டாட் சரியாக இருக்கிறது, கட்-அவுட் சரியாக இருக்கிறது, இதிலிருந்து கொதிக்கிற தண்ணீர் வர வழியே இல்லை, இவன் சொல்வது பச்சைப் பொய் என்று காட்ட வேண்டும். டெஸ்டர் நேரே நெட்டையின் கடைக்குப் போனார். கடை என்றால் ஒரு ஷட்டர் அறை. சுவரெல்லாம் கழற்றிப் போட்ட டாங்கிகள், தண்ணீர் காய வைக்கிற துருப்பிடித்த காயில்கள்.

நெட்டை அவரைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்த ஸ்டூலைவிட்டு எழுந்தான். டெஸ்டர் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அவனே, "அண்ணே, உங்க வீட்டு ஹீட்டர் எதுவும் எங்கிட்ட இல்லண்ணே" என்றான்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். டெஸ்டர் அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். மூலையில் ஒரு சாக்கு போர்த்தியிருந்தது. இழுத்தார். வெள்ளை டாங்கி. கீழ் மூடியில் மாட்டிய தேதியை அவரே எழுதியிருந்தார், கல்யாணத்துக்கு நாலு நாளைக்கு முந்தின தேதி.

"அண்ணே, அதைத் திறக்காதீங்க. சொன்னா கேளுங்க."

"ஏன், எம் மருமகன் என்ன குடுத்தான் உனக்கு, வாயை மூடிக்க?"

"அவரு ஒண்ணும் குடுக்கல. சரியாயிருச்சுல்ல, விட்டுடுங்க."

டெஸ்டர் தோள்பையிலிருந்து திருப்புளியை எடுத்து, நான்கு திருகையும் கழற்றி மூடியைத் தூக்கினார். முதலில் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார். உள்ளே கரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தவே மாட்டாமல் காய்ந்துகொண்டே இருந்திருக்கும். சரி, போகட்டும், தெர்மோஸ்டாட் கெடுவது சகஜம்தான். அதற்குத்தானே கட்-அவுட். கட்-அவுட்டைப் பார்த்தார். அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு துண்டு வயர் பாலம் போல் மாட்டியிருந்தது. அதாவது கட்-அவுட் துண்டித்தாலும் கரண்ட் அந்த வயர் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு மேல் சூட்டை நிறுத்த அந்த டாங்கியில் ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்தால் ஆவியும் கொதிநீருமாக வெடித்துக்கொண்டு வந்திருக்கும்.

"நீதானடா இதை வெச்சே?" என்றார் நெட்டையிடம். "எம்மேல பழி போட, கழட்டிக் கொண்டாந்து நீ வெச்சிருக்கே!"

நெட்டை பக்கத்தில் வந்து டார்ச்சை மட்டும் அடித்துப் பிடித்தான்.

வயர் முறுக்கியிருந்த விதம் வெளிச்சத்தில் தெரிந்தது. ஊரில் ஹீட்டர் பார்க்கிற மற்ற அத்தனை பேரும் வலது கைக்காரர்கள். வயரை ஒரே பக்கமாகத்தான் முறுக்குவார்கள். இது எதிர்ப்பக்கமாக முறுக்கியது. டெஸ்டர் தன் இடது கையை ஒருமுறை பார்த்தார்.

அப்புறம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது. புது ஹீட்டர் லாரியில் குலுங்கி வரும்போது சில சமயம் கட்-அவுட் தானாகவே துண்டித்துக்கொள்ளும். மாட்டி ஸ்விட்ச் போட்டால் காயாது. கோளாறு கட்-அவுட்டிலா காயிலிலா என்று பார்க்க இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு துண்டு வயரை நடுவே போட்டுப் பார்ப்பதுதான். காய்ந்தால் கோளாறு கட்-அவுட்டில். வயரை எடுத்துவிட்டு, கட்-அவுட்டின் பட்டனை அழுத்திவிட்டால் தீர்ந்தது வேலை. அன்றைக்கு வயரைப் போட்டார், தண்ணீர் காய்ந்தது. அப்போது போன் வந்தது. மண்டபத்துக்காரர். நாற்காலி குறைகிறது, இருநூறா முந்நூறா என்று. பேசிக்கொண்டே மூடியை எடுத்து மாட்டிவிட்டார். ஊரில் அத்தனை பேர் வேலையையும் சந்தேகப்படுகிற மனுஷர், தன் வேலையை ஒருமுறை திறந்து பார்க்கவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பாதாண்ணே கெஞ்சுச்சு" என்றான் நெட்டை மெதுவாக. "வெந்த கையோட நின்னுக்கிட்டு, 'அப்பாவுக்குத் தெரிஞ்சா செத்துருவாரு, இதைக் கண் காணாம எடுத்துட்டுப் போயிருங்க'ன்னு அழுதுச்சு. மாப்பிள்ளை அதுக்கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காரு, உங்ககிட்ட வாயே திறக்கறதில்லன்னு. எனக்கும் ஒருநாள் இப்படி நடக்கலாம்ணே. அதான் நானும் சரின்னுட்டேன்."

டெஸ்டருக்கு அழுகை வந்தது. அவனுக்கு முன்னால், அந்த அரைகுறைக்கு முன்னால், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். கொஞ்ச நேரம் முன்னால் மருமகனைப் பார்த்து என்னவெல்லாம் சொன்னோம் என்று நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். போலீஸ் ஸ்டேஷன் வரை போகிறேன் என்றபோதுகூட அவன் சொல்லவில்லை.

சாயங்காலம் மூன்று மாடியும் ஏறிப் போனபோது மனைவி அவருக்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். மகள் அம்மா தோளில் சாய்ந்திருந்தாள். துணிமணி எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை. மருமகன் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தான்.

"மாப்ள" என்றார் டெஸ்டர். "திறந்து பாத்துட்டேன். வயரு எம் முறுக்குதான். நான்தான் எம் பொண்ணு கைய வேக வெச்சேன். உங்களைத் திட்டுனேன். மன்னிச்சுக்குங்க."

"ஏங்க, என்ன உளர்றீங்க?" என்றார் மனைவி.

"உளறல. உம் மருமகன் நல்லவன்டி. நீ சொன்னதுதான் சரி."

"அதனாலதான்ப்பா சொல்லல" என்றாள் மகள் அழுதுகொண்டே. "இனிமே நீ ஒரு வேலையும் தொடமாட்டே. டெஸ்டரைத் தூக்கிப் போட்டுட்டு மூலையில உக்காந்துருவே. அதுக்கு என் கை வெந்ததே பரவால்ல."

உட்கார்ந்துவிடலாம்தான். அவருக்கும் படியேறும்போது அதுதான் தோன்றியது. ஆனால் மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் இன்னொன்றும் தோன்றியது. கல்யாண மாசம். தலைகால் தெரியாமல் ஓடிய மாசம். போன் அடித்துக்கொண்டே இருந்த மாசம். அந்த மாசத்தில் இது ஒன்றா மாட்டினார்? விரல் விட்டு எண்ணினார். ஒன்பது.

"இன்னும் எட்டு வீடு இருக்கு மாப்ள" என்றார்.

மருமகனுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, அவர் தோளிலிருந்த பையைக் கேட்காமலே வாங்கிக்கொண்டான். "கிட்ட இருக்கிற வீடு எது மாமா?" என்றான்.

இரண்டு தெரு தள்ளி இருந்தது அது. அழைப்பு மணியை அடித்ததும் அந்த வீட்டம்மா கம்பிக் கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே கேட்டார்.

"நாங்க கூப்பிடலியே?"

"நான்தாம்மா உங்க ஹீட்டர் மாட்டுனவன். ஒரு தடவை திறந்து பாத்துட்டுப் போயிடறேன். காசு வேணாம்."

"காசு வேணாமா?" அந்தம்மா அவரையும் பின்னால் பையோடு நின்றவனையும் மாறி மாறிப் பார்த்தார். "காசு வாங்காம எதுக்குப் பாக்கணும்? நல்லாத்தானே ஓடுது? யாரு இவரு? எதையாவது கழட்டிட்டுப் போகலாம்னு வந்தீங்களா?"

வேறு நாளாக இருந்தால் டெஸ்டர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். கம்பெனியிலிருந்து அனுப்பினார்கள் என்று சொல்லியிருக்கலாம். வருஷத்துக்கொரு சர்வீஸ் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"நான் மாட்டுனதுல தப்பு இருக்கலாம்மா" என்றார். "உங்களுது மாட்டுன அதே மாசம் இன்னொரு ஹீட்டர்ல தப்புப் பண்ணிட்டேன். அதுல எம் பொண்ணு கை வெந்துபோச்சு."

அந்தம்மா ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு கதவைத் திறக்கக்கூட நிற்காமல், சட்டென்று திரும்பி உள்ளே ஓடினார். குளியலறைக் கதவை இரண்டு கையாலும் அடிக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது.

"ஏய், கொழாயத் தொடாத! தொடாதடி, அப்படியே வெளிய வா!"